பல் டாக்டர்

அம்மாவிடம் பல் டாக்டர் என்று சொல்லிவைத்தேன்.
வியாழக்கிழமை ஆறு மணிக்கு போன் எடுக்கமாட்டேன்,
கடைவாய்ப் பல், வேர் வரைக்கும் போயிருக்காம்.
ஒரே பல்லுக்கா இத்தனை வாரம் என்றாள்.
பெங்களூர்ல அப்படித்தாம்மா.

எது உடைந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
யாரும் சாகவில்லை. யாரும் விட்டுப்போகவில்லை.
பிப்ரவரியில் ஒரு காலை, பொம்மனஹள்ளியில்,
ஆபீஸ் கேப் கதவைத் திறந்துகொண்டு நின்றது,
நான் ஏறவில்லை.
டிரைவர் நஞ்சுண்டப்பா இரண்டு முறை ஹாரன் அடித்தார்,
பிறகு இறங்கி வந்து தண்ணி பாட்டிலை நீட்டினார்.
அழுதுகொண்டிருக்கிறேன் என்பது
அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான் தெரிந்தது.

கம்பெனி கொடுத்த இலவச எண்ணில்
முதல் கேள்வி, எம்ப்ளாயி ஐடி.
வைத்துவிட்டேன்.

கோரமங்களாவில் ஒருவர்,
அறை முழுக்கத் தொட்டிச்செடி,
மூச்சை எண்ணச் சொன்னார்.
நாளெல்லாம் எண்ணுகிற வேலைதான் எனக்கு,
நாலாயிரம் பேர் சம்பளம், பிடித்தம், பி.எஃப்.
இருபதில் கணக்கு தப்பி
முதலிலிருந்து எண்ணினேன், நேரம் முடிந்தது.
ஆயிரத்தெண்ணூறு ரூபாய். ரசீது மெயிலில் வந்தது.

பிறகு இந்திராநகரில் தமிழ் பேசுகிறவர் கிடைத்தார்.
எத்தனை ஆசையாய்ப் போனேன்.
வெறிச்சுனு இருக்குங்க என்றதும் தலையசைத்தார்,
அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்காத தலையசைப்பு,
அதற்கே பாதி பாரம் இறங்கியது.
அப்புறம் எந்த ஊர் என்றார்.
திண்டிவனம் பக்கம்.
பக்கம்னா?
சொன்னேன்.
அங்க எங்க, கோயில் தெருவா, இல்ல...
அந்த 'இல்ல'வுக்குப் பிறகு அவர் நிறுத்திய இடத்தில்
எங்கள் தெரு மொத்தமும் வந்து நின்றது,
குழாயடியும் வரிசையில் குடங்களுமாக.
கோயில் தெருதான் என்றேன்.
காசு கொடுத்துப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு மாதம் யாரையும் தேடவில்லை.

தேச்சம்மா பெல்லியப்பா, காக்ஸ் டவுன்,
பேக்கரிக்கு மேல் மாடி.
தில்பசந்த் வேகிற மணம் படியேறி வந்துவிடும்,
அழும்போதே பசிக்கும்.
கூடப் படித்தவர்களிடம் பொறுக்கிய தமிழ் அவருக்கு,
முதல் நாளே நீ, வா, போ.
ரொம்ப பேஜாரா? என்று கேட்டார்.
பேஜார் என்றால் எங்கள் பக்கம் தொல்லை.
என்னால யாருக்கும் தொல்லை இல்ல மேடம் என்றேன் அவசரமாக.
அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
கன்னடத்தில் அது வருத்தம் என்று
அடுத்த வாரம்தான் சொன்னார்.
அதற்குள் என் பதிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்:
நீ தொல்லைன்னு யார் சொன்னா, மொதல்ல?

சில வியாழன்களில் ஒன்றும் நடப்பதில்லை.
மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொள்ளும்.
ஒரு நாள் முழுக்க
பி.ஜி.யில் என் சார்ஜரை எடுத்தவளைத் திட்டினேன்.
ஒரு நாள், கோயில் தெரு என்று சொன்ன பொய்யைச் சொன்னேன்.
அப்போ எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை.
நானே சொன்னேன்.
சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தேன்,
பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம்,
எதிரில் இருப்பவர் முகத்தில் எது மூடுகிறது என்று பார்ப்பது.
தேச்சம்மா டிஷ்யூ டப்பாவைத் தள்ளினார். காலி.
ச்சே என்று எழுந்து
அவரே கீழே பேக்கரிக்கு ஓடினார்.
வந்த பேப்பர் நாப்கினில் வெண்ணெய் வாசனை.

நேற்று அம்மா கேட்டாள், வலி போச்சா?
போகல.
எந்தப் பல்லுனு இப்ப காட்டத் தெரியுது.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
எனக்கும் இருக்குடி, ரொம்ப வருஷமா,
ராவுல கிராம்பு இடுக்கிக்குவேன் என்றாள்.

எந்தப் பல்லும்மா, என்று கேட்டேன்.

போனில் குடம் நிறைகிற சத்தம்.
நான் வைக்கவில்லை.