இருநூற்றுப் பதினான்கு

லுப்லியானாவில் நவம்பர் என்றால் மூடுபனி.
பதினொரு மணிவரை ஆற்றுக்கு மறுகரை கிடையாது.
அப்படியொரு செவ்வாய்க்கிழமை
முன்னறிவிப்பின்றிப் போனோம்.

'முன்னறிவிப்பின்றி' சட்டத்தில் உள்ள சொல்.
வாசல் காவலாளி அதைப் படித்ததில்லை.
"யாரைப் பார்க்கணும்?"
"உங்களைத்தான்" என்றார் யெரிட்சா வோதுஷெக்,
எதிர்க்கட்சி, குழுத் தலைவர்,
ஈரக் கையுறையைக் கழற்றியபடி.

உறுப்பினர் மூவர் வந்தால்தான் கதவு திறக்கும்.
"இரண்டு பேர்தானே இருக்கிறீர்கள்?"
மூன்றாமவர் போகோமிர் லாஹ், ஆளுங்கட்சி,
காருக்குள் இருந்து
கட்சி அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.
என்னை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள்.
நான் குழுவின் செயலாளர்.
கோப்பு, குடை, பேனா சுமப்பவள்.

சாவி வர நாற்பது நிமிடம்.
சாவிக்காரர் பல் மருத்துவரிடம் போயிருக்கிறாராம்.
ஷ்டெஃபான் கூஸ்மா சிரித்தார்.
இருபத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர்.
"மரிபோர் வண்டியில் இந்தப் பல்வலியை
நிறையப் பார்த்திருக்கிறேன்."

உள்ளே ஒரு சாம்பல் மேசை. மேலே பதிவேடு.
யார் பேச்சை, எந்த நீதிபதியின் கையெழுத்தில்,
எத்தனை நாள் ஒட்டுக் கேட்டார்கள் என்று
எண் போட்டு எழுதியது.
பெயர்கள் வேறு பெட்டகத்தில்.
வோதுஷெக் அம்மையார் தேதிகளைச் சட்டத்தோடு ஒப்பிட்டார்.
லாஹ் கடிகாரம் பார்த்தார்.
கூஸ்மா மட்டும்
விரலை நாவில் தொட்டுத் தொட்டு
எண்களின் வழியே இறங்கிப் போனார்,
ஓடும் வண்டியில் பெட்டி பெட்டியாக நடப்பவர்போல.

இருநூற்றுப் பதின்மூன்று.
இருநூற்றுப் பதினைந்து.

விரல் நின்றது.

"எழுத்தர் பிழை" என்றார் சாவியோடு வந்த துணை இயக்குநர்,
பாதி வாயால்.
மரப்பு ஊசி இன்னும் இறங்கவில்லை,
கன்னம் வீங்கியிருந்தது.
பல்வலி நிஜம் என்றால்
பிழையும் நிஜமாக இருக்கலாமே என்றார் லாஹ்.

கூஸ்மா பதிவேட்டை மூடவில்லை.
"ஆளில்லாத இருக்கை பார்த்திருக்கிறேன்.
எண்ணே இல்லாத இருக்கை பார்த்ததில்லை."

ஹீட்டர் மட்டும் சத்தம் போட்டது.

மறுவாரம் ஜன்னலில்லாத அறையில் கூடினோம்.
போன்கள் எல்லாம் வாசலில் ஒரு மரப்பெட்டியில்,
சவப்பெட்டி என்று நாங்கள் சொல்வோம்.
ஐந்து மணிநேரம்.
விளக்கம் போதுமா, எழுத்தில் கேட்பதா?
வாக்கெடுப்பு. மூன்றுக்கு மூன்று.
அப்போது லாஹின் கை மேலே போனது.
தலை சொறியத்தான் தூக்கினேன் என்று
பின்னால் கட்சியில் சொன்னாராம்.
நான் வாக்காகவே எழுதினேன்.
எழுதியது எழுதியதுதான்.

அறுபத்தோராம் நாள் பதில் வந்தது.
உறைக்குள் உறை, மேலே சிவப்பு முத்திரை.
பதிவுசெய்யும் கடமை எனக்கு, அதனால் படித்தேன்.
உங்களிடம் சொல்ல முடியாது.
அவைக்குப் போன அறிக்கையில் இருந்தது ஒரு வரி:
'விளக்கத்தைக் குழு கவனத்தில் கொண்டது.'
அந்த வரியைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.
'கொண்டது' என்ற இடத்தில் இரண்டுமுறை
விரல் தப்பியது.

கூஸ்மா தேர்தலில் தோற்றார்.
அடுத்த குழுவுக்கு ஒரு துண்டுச் சீட்டு விட்டுப்போனார்:
பதிவேட்டைப் படிக்காதீர்கள், முதலில் எண்ணுங்கள்.
புதிதாக வந்தவர்களுக்கு
அறை எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டும்போது
சீட்டையும் கொடுத்தேன்.
ஒருவர் அதன் பின்பக்கத்தில்
வைஃபை கடவுச்சொல்லைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் பேருந்தில் போகிறேன்.
கண்ணாடிக்கு வெளியே பனி, ஊரே இல்லை.
முன் இருக்கையில் ஒருத்தி
அண்ணனின் கடனை, அவன் ஒளிந்திருக்கும் ஊரை,
அவனுக்கு அனுப்பிய பணத்தை
ஊருக்கே கேட்கப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
மெதுவாகப் பேசம்மா
என்று நாக்கு நுனிவரை வருகிறது.

எதற்கு என்று கேட்டால்
என்ன சொல்வேன்?