ஒரு கிலோ தொள்ளாயிரம்

பாம்பன் ஆஸ்பத்திரியில்
மூன்று முறை பட்டையைச் சுற்றிப் பார்த்தார் நர்சம்மா.
நூற்று ஐம்பதுக்கு நூறு.
முப்பத்திரண்டு வயசுக்கு இது ஆகாதே,
கருவாட்டை விடு, ஊறுகாயை விடு.
பிறகு, சும்மா கேட்பதுபோல்:
பிறந்தப்ப என்ன எடை?

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து
அட்டையை எடுத்துத் தந்தாள் அம்மா.
ஒரு கிலோ தொள்ளாயிரம்.
அண்ணன் ஜெரோமியாஸ் மூன்றேகால்.
அவன் வயிற்றிலிருந்தது இறால் அள்ளிக் கொடுத்த வருஷம்.
அதே வீடு, அதே குழம்பு,
என்னைவிட இரண்டு துண்டு கூடவே தின்பான்;
அவன் ரத்தம் பாட்டுக்கு ஓடுகிறது.

என் வருஷத்தில்
அப்பா போன படகு திரும்பவில்லை.
அக்கரைச் சிறையில் என்றார் ஒருவர்,
இல்லை என்றார் இன்னொருவர்.
நாற்பத்தொரு நாள்.
ஐந்து மாத வயிற்றோடு
மார்பளவு தண்ணீரில் பாசி பறித்திருக்கிறாள்,
வரக்காப்பி குடித்துப் படுத்திருக்கிறாள்,
வாசலில் எந்த வண்டி நின்றாலும்
எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.
"அப்புறம்தான் வந்துட்டாரே,
ஒண்ணும் ஆகலையே" என்கிறாள் இப்போதும்.

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
தகரத்திலிருந்து கட்டியைக் கவிழ்க்கும்போது
தினம் பார்க்கிறேன்:
ஓரமெல்லாம் கண்ணாடி,
நடுவில் வெள்ளையாய் ஒரு தண்டு.
உறைகிற தண்ணீர் தன் உப்பையெல்லாம்
உள்ளே உள்ளே தள்ளி
கடைசியில் கொண்டுபோய் வைக்கிற இடம்.
அதைப் பார்த்தே
எந்த லாரித் தண்ணீர் என்று சொல்லிவிடுவார் மேஸ்திரி சீனிக்காதர்.

நர்சம்மா சொன்னதில் பாதிதான் புரிந்தது.
தாயின் ரத்தத்தில்தான்
வெளியுலகம் எப்படியென்று பிள்ளை படிக்குமாம்.
பஞ்சம் என்று படித்தால்
பஞ்சத்துக்கு அளவெடுத்துத் தன்னைத் தைத்துக்கொள்ளுமாம்,
சிறுநீரகத்தைச் சிறுத்து, குழாய்களை இறுக்கி.
எல்லாருக்கும் அப்படியில்லை என்றும் சொன்னார்.
நான் தைத்து முடித்து வந்தபோது
வெளியே இறால் விலை ஏறியிருந்தது.

சனிக்கிழமை போன ஜெரோமியாஸின் படகு
திங்கள் வரை தகவல் இல்லை.
என்ஜின் கோளாறாக இருக்கும் என்றார்கள்,
நானும் என்றேன்.
ஜெனோவாவுக்கு ஏழாம் மாதம்.
சோறும் முட்டையும் கொண்டுபோனேன்,
தின்கிறவரை எழவில்லை.
அவள் போனை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.
நீ உள் அறையில் படு என்று
நான் வாசலுக்குக் குறுக்கே பாயை விரித்தேன்.
அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.
சொன்னால் அதற்கும் பயப்படுவாள்.

இரண்டரை மணிக்குத் தெருவில் ஒரு பைக் நின்றது.
அது நிற்கும் முன்பே
என் நெஞ்சு எழுந்து உட்கார்ந்துவிட்டது,
அதற்கென்றே செய்த நெஞ்சு.
கதவைத் தட்டவிடாமல்
வெளியே போய்ச் சங்கிலியை மெதுவாகப் போட்டேன்.

எதிர்வீட்டு ராயப்பன்.
விடியலில் வள்ளம் இறக்கணும்,
நாலு கட்டி ஐஸ் கிடைக்குமா அக்கா?

உள்ளே
அவள் புரண்டு படுக்கிற சத்தம்.
பிறகு ஒன்றும் இல்லை.