ஒரு மண்டலம்

புர்க்டோர்ஃபில் கைவிட்ட பால்பண்ணைக் கட்டடம்.
நவம்பர். துருப்பிடித்த கதவைத் தள்ளி
"வாருங்கள், ஃப்ராவ் நல்லதம்பி" என்கிறார் வூத்ரிக்.
அது அப்பாவின் பெயர்.
எந்தப் பெட்டியில் எதை எழுதுவதென்று
இந்த நாட்டுக் கந்தோர் ஒன்று குழம்பியதில்
முப்பத்தொரு வருசமாய் நான் நல்லதம்பி.
கூப்பிட்டால் திரும்புகிறேன்.

உள்ளே, போர்வைக்குக் கீழே, அது.
இரண்டே இருக்கை. பாசிப்பச்சை.
வாங்க நிற்பவர் லொசானில் பல்வைத்தியர்.
அவருக்கு ஒரே கேள்வி:
கார் பிறந்தபோது இருந்த அதே பிளாக்கா?
அதைச் சொல்லத்தான் எனக்குக் கூலி.

கம்பித் தூரிகையை நான் தொடுவதில்லை.
பழைய பல்துலக்கி, கொஞ்சம் மண்ணெண்ணெய்,
அறுபது வருசப் பிசுக்கு இளகி வழியும்வரை
சும்மா இருக்கத் தெரிய வேண்டும்.
முதலில், இழைத்த முன்முகம்.
அடித்த எண் காரின் ஏட்டோடு
ஓர் இலக்கமும் பிசகாமல் ஒத்துப்போகிறது.
வூத்ரிக் மூச்சு விடுகிறார்.
நான் விடவில்லை.
அந்த நாலு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது,
பந்தியில் இடம் போதாமல்
ஒருக்களித்து உட்கார்ந்தவர் மாதிரி.

அடுத்தது கீழே, புகைக்குழாய்க்குப் பின்னால்,
கை நுழையாத இடம்.
காம்பு வைத்த கண்ணாடி. வாயில் டோர்ச்.
சுத்தியலால் அடித்த எண் குழிந்திருக்கும்;
யாரும் எப்போதும் அடிக்கலாம்.
மணல் அச்சில் இரும்போடு பிறந்த எண்
பாலுண்ணிபோல் புடைத்திருக்கும்.
இடம்வலம் மாறி வாசிக்கிறேன்:
பதினான்கு, மூன்று, அறுபத்துமூன்று.

கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டியது
அதே வருடம் ஜனவரி இருபத்தைந்து.
விரல்விட்டு எண்ணினேன். நாற்பத்தெட்டு நாள்.
கார் தெருவில் ஓடத் தொடங்கி
சரியாய் ஒரு மண்டலம் கழித்துத்தான்
இந்த எஞ்சின் உருக்குழம்பாய் இருந்திருக்கிறது.

சொன்னேன். அவர் மறுக்கவில்லை.
மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.
"எழுபத்தொன்றில், கிளாவுசன் கணவாய் இறக்கத்தில்,
ராட் முறிந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது.
ஓட்டியவன் என் தம்பி. அவனுக்குக் கீறல் இல்லை.
வேறு பிளாக் வாங்கினோம், எண் அடிக்காதது.
பழைய எண்ணை நாங்களே அடித்தோம்.
விலை ஏற்றவா? அப்போது இதை யார் வாங்குவார்!
கார் தன் பெயரோடேயே இருக்கட்டும் என்றுதான்."

"நாலு சாய்ந்துவிட்டதே" என்றேன்.
"நாலை மட்டும் தம்பி அடித்தான்" என்றார்.
நான் ஏன் சிரித்தேன் என்று
அவருக்குச் சொல்ல எனக்கு ஜெர்மன் போதாது.

படிவத்தில் இரண்டு பெட்டி: அசல், அசலல்ல.
இரண்டாவதில் கோடு போட்டேன்.
பல்வைத்தியர் நாற்பதாயிரம் பிராங்க் குறைத்துக் கேட்பார்,
அல்லது கேட்கவே மாட்டார்.
குறிப்பு என்ற இடத்தில்
வார்த்த தேதி, கணவாய், தம்பி.
கீழே அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

"போகுமுன் ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா?"
படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை.
ஓம் என்றேன்.