ஐந்தாவது கோல்

சாட்ஸ்வர்த், வெள்ளி இரவு.
சாக்ரனின் பூல் கூடத்தில் ஏழு கோல்கள்
விற்பனைக்கு, சுவரில் சாய்ந்தபடி,
ஆலை வாசலில் ஆளெடுப்புக்கு நிற்பவர்களைப் போல.

ஒவ்வொன்றாய்ப் பச்சைத் துணிமேல் உருட்டினேன்.
முதலாவது நொண்டியது.
மூன்றாவது நேர்தான், விலைதான் கோணல்.
ஐந்தாவதின் அடியில்
யாரோ தன் பெயரைச் சுரண்டியெடுத்த வடு.

"யாருக்கு, புருஷனுக்கா?"
"எனக்கு."
சாக்ரன் சாக்குக்கட்டியை ஊதினான்.
சிரிப்பாகவும் இருக்கலாம்.

எட்டு மணி. அட்டவணைப்படி மின்சாரம் போனது.
ஏதோ ஒரு பந்து இருட்டில் ஓடி
குழியில் விழுந்தது.
"அது என்னுடையது!" இரண்டு குரல்கள்.

ஐந்தாவது என் கையில் இருந்தது.
விரல் வளையத்துக்குள்
முன்னே, பின்னே, முன்னே.
பகலெல்லாம் தையல் எந்திரத்துக்குச்
சட்டைக் காலர் ஊட்டும் கை;
எது வழுக்கும், எது பிடிக்கும் என்று
விளக்கில்லாமலே அதற்குத் தெரியும்.

ஜெனரேட்டர் இருமி எழுந்தபோது
பேரம் பேச மறந்திருந்தேன்.
அறுநூறு ரேண்ட்.
இரண்டு சனிக்கிழமை ஓவர்டைம்.

டாக்சி வேனில் மடியில் கிடத்தினேன்.
நுனி பக்கத்து ஆளின் முழங்காலை இடித்தது.
"என்னம்மா அது, தூண்டிலா?"

ஆமாம் என்றேன்.