கேட்டால் அழுத்தவும்

மூன்று வருடமாகக் கண்ணாடியில் பார்த்துத்தான் அழுத்தினேன்.
மனாமா கிளினிக்கில் அந்த அடைத்த அறை,
காதில் கனத்த ஹெட்போன், கையில் பொத்தான்.
வெளியே மாரிசெல்லின் தோள் லேசாக அசையும்.
அசைந்தால் ஒலி அனுப்புகிறாள்.
அழுத்துவேன்.
ஃபிட். இன்னொரு வருடம்.

சித்ராவில், கப்பலின் அடிவயிற்றில்
துரு சுரண்டுகிறவனுக்கு
இரைச்சலும் சம்பளத்தில் சேர்த்தி.
ஆரஞ்சு நிறத்தில் காதடைப்பான் தந்திருக்கிறார்கள்.
மாட்டினால் ஃபோர்மேன் கத்துவது கேட்காது,
மேலேயிருந்து எது விழுகிறதென்று தெரியாது.
சட்டைப்பையில் கிடக்கிறது.

இந்த முறை எனக்கு முன்னால்
நாலு வயதுப் பட்டாணிப் பையன்.
இன்னும் ஒரு சொல் வரவில்லையாம்;
ஷூவின் நாடாவை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தான்.
அவனுக்கும் முன்னால் ஓர் எகிப்து இன்ஜினியர்.
பக்கவாதம் வந்துபோனபின்
சாவியைக் கேட்க நினைத்து மீனைக் கேட்கிறார்.
தப்பென்று அவருக்கே தெரிகிறது,
அதுதான் பார்க்க முடியவில்லை.
மனைவி சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து
பேசாமல் விரல்களை மூடினாள்.

என் முறை.
மாரிசெல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.
நீலச் சீருடையின் முதுகு. ஒரு ஹேர்கிளிப்.
கட்டைவிரல் பொத்தான்மேல் வியர்த்துக் கிடந்தது.

தாளில் கோடு நேராகப் போய்
கப்பல் இறக்கும் சாய்தளம்போல் சரிந்திருந்தது.
"ஆ, ஓ, ஈ ஓகே பாய்.
ஸ, ஃப, த... கலாஸ்."

உயிரெழுத்து இருக்கிறது.
மெய்தான் போய்விட்டது.
மூன்று வருடம் நான் சொல்லாததும் அதுதான்.

போன மாதம் பிரகாசி போனில் அழுதாள்:
மகளுக்கு 'ச' வரவில்லை, பள்ளியில் சிரிக்கிறார்கள்,
செல்சியா என்ற பெயரைத் தெல்தியா என்கிறாள்.
"எனக்கு ஒழுங்காத்தானே கேக்குது" என்று
கத்திவிட்டு வைத்தேன்.
என் காதில் இரண்டுமே எ-இயா.

தாளை இன்னும் கம்பெனியில் கொடுக்கவில்லை.
அடைப்பான்களோடு மடித்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்தாள்.
தூத்துக்குடியில் பேச்சுப் பயிற்சி டீச்சர்
கண்ணாடி கொடுத்திருக்கிறாராம்.
பல்லைச் சேர்த்து, நாக்கை உள்ளே இழுத்து,
உதடு விரிய, முகமெல்லாம் பாடுபட்டு
ஒன்றைச் சொன்னாள்.

"அப்பா, கரெக்டா?"

"தெரியலம்மா.
அப்பாவுக்கு அது கேக்காது.
கிட்ட வந்து, மெதுவா,
இன்னொரு தடவை காட்டு."