வெற்றுக் குடுவை

விளிம்புவரை மண் அடைத்து மூடி திருகிய
ஆறு கண்ணாடிக் குடுவைகள்
பனிக்கட்டிப் பெட்டியில் ஃபியெர் நகரத்துக்கு வந்தன.
கூடவே ராப்போவும் வந்தார்.
பாதோஸ் பக்கம்,
நாளெல்லாம் தலையாட்டும் எண்ணெய்ப் பம்புகளுக்கு நடுவே
நாற்பத்தொரு ஆலிவ் மரம் வைத்திருப்பவர்.
"மோந்து பார்த்தாலே தெரியுமே" என்றார்.
தெரியும்தான்.
மூக்கு சொன்னதை நீதிமன்றம் எழுதிக்கொள்ளாது.

ஃப்ளுதுரா கல்லைப் பொறுக்கினாள்,
வேரைக் கிள்ளி எடுத்தாள்.
பத்து கிராம் மண். ஈரம் போக
வெள்ளைச் சோடியம் சல்ஃபேட் போட்டு
உதிரியாகும்வரை கிண்டினாள்.
பிறகு இரவு முழுக்க
கரைப்பான் கொதித்து, ஆவியாகி, குளிர்ந்து,
சொட்டுச் சொட்டாய் மண்மேல் விழுந்து
நிரம்பி, இறங்கி, மறுபடி கொதிக்கப் போகும்.
ஒரே கேள்வியை எண்பது தடவை கேட்கும்
குரல் உயர்த்தாத விசாரணை.

கம்பெனி வக்கீலின் கடிதம் மேசைமேல் கிடந்தது:
அது செக்குச் சக்கையின் கொழுப்பு,
மரத்தடியில் எருவாகக் கொட்டியது,
எங்கள் கச்சா அல்ல.
முழுப் பொய் என்றும் தள்ள முடியாது.
வற்றவைத்து மிச்சத்தை நிறுக்கும் பழைய முறைக்கு
இரண்டும் ஒரே பிசுக்கு.
அந்த ஊர்ப் பேச்சில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர்.
தமிழில் சொல்லப் போனால்
இதுவும் எண்ணெய், அதுவும் எண்ணெய்;
போதாததற்கு மண்ணெண்ணெய் என்று
மண்ணையும் சேர்த்தே ஒரு சொல் வைத்திருக்கிறோம்.

சிலிகா ஜெல்லுக்கு அந்தக் குழப்பமில்லை.
விரல் பருமன் குழாயில் ஊற்றினால்
மரம் செய்த கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்,
கிணறு கக்கியதைப் போக விடும்.

மறுநாள் திரையில் கோடு எழுந்தது.
பிரிக்கவே முடியாத ஆயிரம் பொருள்கள்
ஒட்டிக்கொண்ட ஒற்றை மேடு.
அதன் வலதுச் சரிவில் வேலிக்கம்பு போல மூன்று முனைகள்:
இருபத்தேழு, இருபத்தொன்பது, முப்பத்தொன்று.
ஒற்றைப்படைக் கார்பன்கள், இலையின் மெழுகு.
அத்தனைக்கு நடுவிலும் மரம் போட்ட கையெழுத்து.

கடைசியாக வெற்றுக் குடுவையின் கோடு.
மண்ணே போடாமல்
மற்றதெல்லாம் செய்த குடுவை.
ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில்
சின்னதாக ஒரு மேடு.

கைகளைப் பார்த்தாள்.
கரைப்பான் தின்று விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.
முந்தின ராத்திரி வாசலின் தடவிக்கொண்டு படுத்தது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
அதுவும் பெட்ரோலியம்தானே.

மண்ணின் மேடு மலை,
இது எறும்புப் புற்று.
கழித்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?
வக்கீல் கேட்பான்.
பதிவேட்டில் எழுதினாள்:
தொகுதி முழுதும் நிராகரிப்பு. காரணம், என் கை.

இன்னொரு தடவைக்கு மண் மிச்சமிருந்தது.
நாலு நாள் கையுறைக்குள் எரிந்துகொண்டே செய்தாள்.
கிலோவுக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து மில்லிகிராம்.
வெற்றுக் குடுவை: கண்டறியும் அளவுக்குக் கீழ்.
பூஜ்யம் என்று எழுதமாட்டார்கள்.

ராப்போ ஒரு புட்டி ஆலிவ் எண்ணெயைக்
கொல்லைக் கதவருகே வைத்துவிட்டுப் போயிருந்தார்.
கூடத்துக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது.
மழை விட்ட சாயங்காலம்
படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள்.
கையில் பட்டு உள்ளே போனாலும்
சிலிகா இதைப் பிடித்துக்கொள்ளும்.
தடவுவதற்கு முன்
ஒருமுறை மோந்து பார்த்தாள்.