நரம்பு

கோழி ஆலையில் பதினோரு வருஷம்,
நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு தொடை.
எலும்பை உருவி உருவி
வலது கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டும்
யாரோ கழற்றி வைத்துப்போன விரல்கள் மாதிரி.
அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து
ஆலை டாக்டர் ஊசியால் குத்தி
"தெரியுதா?" என்றார்.
"எது?" என்றாள் ரமோனா கேட்லெட்.
அவர் படிவத்தில் எழுதினார்: பூரண குணம்.

ஏப்ரல் ஞாயிறு.
ஆர்கன்சா மலைகளுக்கு நடுவே
அணை கட்டித் தேக்கிய ஏரி.
கரையில் டாக்வுட் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது.
அலுமினியப் படகின் பின்முனையில்
ஹெர்மினா லாங்ரின் முட்டை உரிக்கிறாள்,
ஓட்டை மடியிலேயே சேர்த்துக்கொண்டு.
அவளும் அதே ஆலை, அதே ஷிப்ட்,
எதிர்ப்பக்கத்துக் கத்தி.

ஊதா ரப்பர் புழு. வாலில் ஒரு சுருள்.
கொக்கியின் முனையை அதன் வயிற்றுக்குள்ளேயே
திருப்பிப் புதைத்தாயிற்று, கட்டையில் மாட்டாதிருக்க.
முன்னால் மொச்சைக்கொட்டை அளவு ஈயம்.
வீசினாள்.
பிறகு ஒன்றும் செய்யவில்லை.
இந்த வித்தையில் கடினமான பகுதி அதுதான்.

இருபதுவரை எண்ணினாள்.
நரம்பு தளர்ந்து நீர்மேல் படுத்தபோது
புழு தரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.
இனி ரீலுக்கு வேலையில்லை.
கையால்தான்.
ஒரு சாண் இழுக்கலாமா? சாண் அதிகம்.
நாலு விரற்கடை. நிறுத்து.
மணிக்கட்டைத் திருப்பி உள்ளங்கையில் ஒரு சுற்று.
நிறுத்து.
புழு கிடக்கட்டும்.
சும்மா கிடப்பதைத்தான் பாஸ் மீன்
உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கம்பு இடது கையில்.
மாற்றிப் பார்த்தாள் போன மாதம்;
வலது கை பிடித்திருப்பதாக நம்பிய கம்பு
ஏரிக்குள் போயிருந்தது.
ஆகவே இழுப்பது வலது கை,
ஒன்றும் தெரியாத கை.

காலையில் மூன்று மீன்கள்
வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டன.
ஹெர்மினாதான் சொன்னாள்,
"நரம்பு பக்கவாட்டில் ஓடுச்சே, பாக்கலையா?"
பார்க்கவில்லை.
பார்த்துச் செய்கிற வேலையாக இருந்தால்
எதற்கு இத்தனை நிதானம்?

நாலாவது வீச்சோ ஐந்தாவதோ,
ஒரு சுற்று விரலிலிருந்து நழுவிக் கீழிறங்கி
உள்ளங்கையின் அடியில் விழுந்தது,
எட்டுத் தையல் போட்ட தழும்பின் குறுக்கே.

ஐயோ.
சரளை.
அரிசியில் கல் கடிபட்டது போல, ஒவ்வொன்றாக.
இழுத்தாள், நிறுத்தினாள்.
சேறு, வழுவழுப்பு, ஒரு பெருமூச்சு.
சிடார் மரத்தின் வேர்க்கட்டை:
ஏறுகிறது, யோசிக்கிறது, விழுகிறது.
பிறகு ஏதோ கம்பி.
ஏரி வருமுன் யாரோ மாடுகளுக்கு
எல்லை கட்டியிருக்கிறார்கள்.

ஆலை தின்ற நரம்பு உள்ளே செத்துக் கிடக்க
கடையில் நாலு டாலருக்கு வாங்கியது
இருபது கஜ நீருக்கடியில்
உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு டுக்.
அதைச் சத்தம் என்று சொல்லக்கூடாது.
கதவைத் தட்டலாமா என்று
வெளியே ஒருவர் நினைத்ததுபோல.
கனமும் இல்லை. உண்மையில்
இருந்த கனமும் போய்விட்டது:
புழுவை வாயில் ஏந்தி
அவளை நோக்கியே நீந்திவருகிறது மீன்.

அவசரம் தோளுக்கு வந்துவிட்டது,
பதினோரு வருஷத்து அவசரம்.
அதை அங்கேயே நிறுத்திவைத்து
உள்ளங்கைச் சுருள்களை உதறிவிட்டு
தொய்வை ரீலில் சுற்றி
ஒன்று, இரண்டு,
கம்பை ஓங்கித் தூக்கினாள்.

ஒன்றரைக் கிலோ இருக்கும்.
கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பற்றியபோது
உப்புத்தாள் பற்கள் தோலைத் தேய்த்தன.
சிவந்ததைக் கண்ணால்தான் பார்த்தாள்.
ஹெர்மினா ஐஸ் பெட்டியை ஏற்கெனவே திறந்திருந்தாள்;
மீனை நீரில் திரும்ப விடுவோர் கட்சியில்
அவள் என்றுமே சேர்ந்ததில்லை.

"இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

ரமோனா கையை நீட்டினாள்.
முட்டையும் உப்பும் ஒட்டிய விரலால்
அந்தத் தழும்பின் நடுவில் தொட்டு
"இங்கயா?"

"மெதுவா," என்றாள். "மெதுவா."